கட்டிலுக்குப் பக்கத்தில்: கோபாலபுரம் அன்றும் இன்றும்

2018 ஜூலை 26 அன்று காவேரி மருத்துவமனை வெளியிட்ட அறிக்கையைத் தமிழ்நாடே படித்தது. சிறுநீர்ப் பாதைத் தொற்றால் வந்த காய்ச்சலுக்குக் கலைஞர் கருணாநிதி சிகிச்சை பெறுகிறார் என்றது அறிக்கை. மருத்துவமனையின் உள்நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பை மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய குழு அவருடைய கோபாலபுரம் வீட்டிலேயே இரவும் பகலும் தந்து வருகிறது என்றும் சொன்னது. 2016 டிசம்பரில் அவருக்குத் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நான்காவது தெருவின் அந்த வீட்டில்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஜூலை 28 அதிகாலையில் ஆழ்வார்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 7 அன்று, 94 வயதில், அவர் மறைந்தார்.

ஒரு பெருந்தலைவருக்கு அமைந்த கவனிப்பு எல்லாருக்கும் அமையாது. ஆனாலும் கான்ரான் ஸ்மித் சாலையிலிருந்து லாயிட்ஸ் சாலை வரைக்கும் உள்ள தெருக்களில் எத்தனையோ மூன்றாம் மாடி படுக்கையறைகளில் அதன் சிறிய வடிவம் இன்று நடந்துகொண்டிருக்கிறது. கைப்பிடி சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், காற்று ஏறி இறங்கும் ஏர் பெட், மேஜைமேல் டயப்பர் கட்டு, சுவரில் கேமரா. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவருக்குக் கற்றுக்கொடுப்பது யார், கற்றதற்குச் சான்று தருவது யார், கற்ற பிறகு இந்த வேலையிலேயே அவர் ஏன் நிற்பதில்லை என்பதே என் கேள்வி.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் இந்தப் பேட்டையில் அந்த நாற்காலி கிடையாது. வீட்டில் யாராவது படுத்துவிட்டால் பார்த்துக்கொள்வது மூத்த மருமகளின் பொறுப்பு. அவளால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. முடியும் என்று வீடு முடிவு செய்திருந்தது. எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவரைப் புரட்டிப் போட்டதும் துடைத்ததும் ஊட்டியதும் அண்ணிதான். அண்ணிக்கு அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க இடுப்புவலி. ஒருவரை முதுகு வளைக்காமல் எப்படித் தூக்குவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. குடும்ப டாக்டர் தோல் பையோடு வீட்டுக்கு வருவார். அவர் அனுப்பும் கம்பவுண்டர், கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மீதிப் பொழுதெல்லாம் அண்ணியின் தலையில்.

வெளியாள் என்று ஒருவர் உண்டென்றால் அது ஆயாம்மா. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். டூட்டி முடித்துவிட்டு நான்கைந்து வீடுகளுக்குப் போவார். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவார். படுத்த கிழவருக்கு மலம் எடுப்பார். பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து கொல்லைப்புறம் வழியாகப் போவார். காபி தனி டம்ளரில். அந்த டம்ளரை அவரே கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகவேண்டும். உடம்பின் மிக அந்தரங்கமான வேலைக்கு அவர் கை வேண்டும். சமையலறை வாசலை மட்டும் அந்தக் கை தொடக்கூடாது. எங்கள் தெருவில் இது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் அப்போது உறுத்தியதாக நினைவில்லை.

அந்தக் காலத்தை அன்பு நிறைந்த காலம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கூட்டுக்குடும்பத்தில் அன்பு இருந்தது. அதோடு, பெரும்பாலும் படுக்கை நாட்கள் குறைவாகவும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 50. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால் சில வாரங்களில் நிமோனியாவோ படுக்கைப் புண்ணோ கதையை முடித்துவிடும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. இன்று சராசரி ஆயுள் 70ஐத் தொட்டிருக்கிறது. மூக்கு வழியே குழாய், சிறுநீருக்குக் குழாய், நல்ல ஆன்டிபயாட்டிக் என்று எல்லாம் வந்தபின் அதே பக்கவாதக்காரர் எட்டுப் பத்து வருஷம் படுக்கையில் இருக்கிறார். மறதிநோய் வந்தவர் அதற்கும் மேலே. அண்ணி ஒருத்தியின் இடுப்பு தாங்கும் காலம் அல்ல அது. அண்ணியின் பெண்ணோ இப்போது நியூஜெர்சியில் இருக்கிறாள்.

தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பு 2021க்கு 13.6 விழுக்காடு, 2031க்கு 18.2 என்றது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமை கூடியிருப்பது இங்கேதான். குழந்தைகளோ வீட்டுக்கு ஒன்று, இரண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அப்படி வருபவருக்குப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சென்னையின் வரலாறு வேறு பக்கமாக ஓடியிருக்கிறது. 1871இல் சென்னை பொது மருத்துவமனையில் நாட்டின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று தொடங்கியது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. பெயரைப் பதிவேட்டில் எழுதி, எண் கொடுத்து, இவர் தகுதி பெற்றவர் என்று அரசே சொன்னது. ஆனால் அது மருத்துவமனைச் சுவருக்குள் நின்ற பெருமை. வீட்டுக்குள் நோயாளியைத் துடைத்த கைக்கு எண் கிடையாது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை ஒரு விதிவிலக்கு. கிராமத்துப் பெண்களையே முதலுதவிப் பணியாளராகப் பயிற்றுவித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவர்களையே பொறுப்பாக்க அது முயன்றது. அந்த வழியை நகரத்து முதியவர்களுக்காக யாரும் நீட்டிக்கவில்லை என்பது என் வருத்தம்.

முதியோருக்கென்று மருத்துவம் வந்ததும் சென்னையில்தான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது, நாட்டிலேயே அது முதல். மருத்துவர் வந்துவிட்டார். அவர் எழுதிய சீட்டைப் பார்த்து இரவு இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆளுக்குப் பயிற்சி? மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2000இல் முதியோர் பராமரிப்புக்குச் சான்றிதழ் வகுப்புகளைத் தொடங்கியதுதான் குறிப்பிடத்தக்க முதல் அடி. அடுத்த பத்தாண்டில் சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் உருவாகி, ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு என்று வேலைகளுக்குப் பெயரும் பாடத்திட்டமும் வகுத்தது. 2015இல் பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டம் அவற்றுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி தரத் தொடங்கியது. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த நேரத்தில், 2021 ஜூனில், ஒரு லட்சம் பேருக்கு அவசரப் பயிற்சி என்று அறிவித்தபோது ஆறு வேலைகளில் ஒன்றாக வீட்டுப் பராமரிப்பும் இருந்தது.

ஆக, இன்று வருபவர் ஆயாம்மாவைவிடப் பயிற்சி கூடியவர். இதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன். படுக்கையில் வைத்தே குளிப்பாட்டவும், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றவும் அவருக்குத் தெரியும். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறார். குழாயில் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தை உயர்த்துகிறார். விட்டபின் அரை மணி நேரம் இறக்குவதில்லை, இறக்கினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும் என்று தெரிந்து. பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று நோட்டில் எழுதுகிறார். முகம் கழுவிவிடுவதற்கு முன்னால் கை கழுவுகிறார். படுக்கைப் புண் இல்லாமல் வருஷக்கணக்கில் படுத்திருக்கும் பாட்டிகளை இந்தத் தெருக்களில் பார்க்கிறேன். எழுபதுகளில் அது நடந்திருக்காது.

இன்னொன்றும் மாறிவிட்டது. குழாய்க் கஞ்சியை மிக்ஸியில் அரைத்து வடிகட்டுபவர் அவர்தான். அதனால் சமையலறைக்குள் போய்த்தான் ஆகவேண்டும். ஆச்சாரத்தைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதவில்லை; மூன்று மணிக்கொரு தடவை இருநூறு மில்லி என்று டாக்டர் எழுதிய சீட்டு அந்த வாசலைத் திறந்துவிட்டது. எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன். குளியலறை விஷயத்தில் இன்னும் பழைய புத்தி நீடிக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் இருப்பவரைக் கீழே வாட்ச்மேன் கழிப்பறைக்குப் போகச் சொல்லும் குடியிருப்புகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஆள் நிற்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆள் நிற்பதில்லை. இன்று கோபாலபுரத்தில் முதியவர் இருக்கும் வீட்டில் பேச்சு இதைச் சுற்றித்தான். "போன சிஸ்டர் நல்லா பாத்துக்கிட்டாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க வரவேயில்ல. இப்ப ஏஜென்சி ரிப்ளேஸ்மென்ட் அனுப்பியிருக்கு." விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏஜென்சி கூட்டிவரும் பெண்கள். டே டூட்டி என்றால் காலை எட்டுக்கு வந்து இரவு எட்டுக்குப் போவார்கள். இருபத்துநான்கு மணி நேர டூட்டி என்றால் மாதக்கணக்கில் அந்த அறையிலேயே, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து. நோயாளி இரவில் நான்கு தடவை கூப்பிட்டால் நான்கு தடவை எழவேண்டும். பகலில் தூங்கினால் கேமராவில் தெரிந்துவிடும். நியூஜெர்சியிலிருந்து போன் வரும். மனிதத் தூக்கத்துக்கு இடமில்லாத ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதில் ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை என்று நாம் ஆச்சரியப்படுகிறோம்.

மாறிப் போவதால் என்ன நஷ்டம் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். மறதிநோய் வந்த எங்கள் சித்திக்கு இடது கன்னத்தில் சோற்றை அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. விழுங்கிவிட்டார் என்று நினைத்து அடுத்த வாய் கொடுத்தால் புரையேறும். பார்த்துக்கொண்ட பெண், கன்னத்தை மெல்லத் தடவி, முழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பூனை நீட்டுவார். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சித்தி "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்பார். "போகலாம் பாட்டி, செருப்பு தேடறேன்" என்று கையைப் பிடித்து ஹாலைச் சுற்றி நடத்திக் கூட்டிவருவார் அவர். எதிர்த்துப் பேசினால் சித்தி அடித்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இருக்கமுடியாது. அவர் போனதும் புதிதாக வந்தவர் சான்றிதழ் வைத்திருந்தார், கெட்டவரும் அல்ல. முதல் வாரத்திலேயே சித்திக்குப் புரையேறி மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது.

போனவர் தன்னோடு எதைக் கொண்டுபோனார்? சித்தி வீட்டு நோட்டுப் புத்தகம் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. சித்தி போனபின் அது பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அந்தப் பெண் மறதிநோயாளியை மூன்று வருஷம் பார்த்தார் என்பதற்கு உலகத்தில் எந்தத் தாளும் கிடையாது. அடுத்த வீட்டில் அவருக்கு நேற்று வந்தவருக்குக் கொடுக்கும் அதே சம்பளம். ஏஜென்சிக்குக் குடும்பம் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பல குடும்பங்கள் கேட்பதே இல்லை.

இங்கேதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். பயிற்சிக்கு வழி செய்தோம். ஏணிக்கு வழி செய்யவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் அட்டெண்டராகப் பத்து வருஷம் வேலை செய்தாலும் அடுத்த படிக்கு ஏறமுடியாது. துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருஷம், அதில் சேர பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும், வயது 35க்குள் இருக்கவேண்டும். அனுபவத்துக்கு அங்கே இடமில்லை. ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வழி ஒன்று கௌஷல் விகாஸ் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் பேசிப்பார்த்த பெண்கள் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டாலும், ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாங்கிவரும் அந்தத் தாளுக்குச் சம்பளத்தில் நூறு ரூபாய்கூடக் கூடுவதில்லை என்றால் ஏன் போகவேண்டும்?

1987ஆம் ஆண்டு இரண்டு நாடுகள் இந்த வேலைக்குத் தகுதி வகுத்துச் சட்டம் செய்தன. முதியோர் இல்லங்களில் நோயாளியைத் தொடும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றது அமெரிக்கா. ஜப்பான் அதே ஆண்டில் பராமரிப்புப் பணிக்குத் தேசியத் தகுதி ஒன்றை உருவாக்கியது. பணி அனுபவத்தின் வழியாகவும் அந்தத் தேர்வுக்கு வந்து சேரலாம். இரண்டு நாட்டிலும் ஆள் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை. அதனால்தான் இப்போது நம் ஊர்ப் பெண்களை ஜப்பான் கூப்பிடுகிறது. பிரிட்டன் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாக் கதவைத் திறந்து, 2025 ஜூலையில் மூடிவிட்டது. கதவு திறந்திருக்கும்போது நம்மிடம் நன்றாகப் பழகியவர்கள்தான் முதலில் போகிறார்கள். அவர்கள் போவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அங்கே அவர்கள் செய்யும் வேலைக்குப் பதவிப் பெயரும், மணிக்கணக்கில் கூலியும், வார விடுமுறையும் இருக்கின்றன.

இங்கே சட்டம் கிட்டே வந்து நின்றுவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. 2019 டிசம்பரில் அதற்குத் திருத்த மசோதா ஒன்றை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகள் பதிவு செய்யவேண்டும், பயிற்சி பெற்றவர்களையே அனுப்பவேண்டும், அவர்களைப் போலீஸ் சரிபார்க்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளருக்கு 2007இல் நலவாரியம் வந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலி வந்தது, மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி. வேலை செய்யும் வீடும் பணியிடமே என்று 2013இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆண் நோயாளி இருக்கும் வீட்டில் தனியாக இரவு டூட்டி பார்க்கும் பெண்ணுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தச் சட்டம் இருப்பதை ஏஜென்சி அவருக்குச் சொல்லவேண்டும். புகார் கொடுத்தால் வேலை போகாது என்றும் சொல்லவேண்டும்.

அரசுப் பக்கம் நடந்த நல்ல காரியம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியரும் படுக்கையில் இருப்பவரைத் தேடி வருகிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பு ஒன்று இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது. அந்தத் தன்னார்வப் பெண்களும் தங்கள் ஊக்கத்தொகை போதவில்லை என்று தெருவில் இறங்கிக் கேட்டார்கள். விருது வாங்கிய திட்டத்திலும் கடைசிப் படியில் நிற்பவருக்கு இதே பிரச்சினைதான்.

கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மையம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேலையில் இருக்கும் அட்டெண்டர்களை அங்கே அழைத்துச் சோதித்து, மறதிநோய், பக்கவாதம், வலிதணிப்பு என்று தனித்தனி அனுபவத்துக்குச் சான்று எழுதிக்கொடுத்தால், அந்தச் சான்றுக்குக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் ஒரு தனிப் படி வைத்தால், அந்தத் தாளுக்கு உயிர் வரும். ஐந்து வருஷம் அப்படி வேலை செய்தவருக்கு ஏ.என்.எம். வகுப்பில் வயது வரம்பைத் தளர்த்தி இடம் ஒதுக்கலாம். பல்கலைக்கழகம் கட்டும் செலவு எதுவும் இதற்கு வேண்டாம்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளில் இருக்கும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து நாலாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவர் வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். அந்த நாட்களில் அந்த வீட்டின் வழக்கமான பெண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு. ஊருக்குப் போகலாம், தூங்கலாம். மூன்று பாட்டிகளையும் நாலாமவருக்குத் தெரியும். யார் எப்படி விழுங்குவார், யார் எப்போது எழுந்து நடப்பார் என்று மற்றவர்கள் அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் புதிய முகத்தைத் தேடவேண்டியதில்லை. வேலையை விட்டுப் போகும்போது என்னென்ன செய்யத் தெரிந்தவர், எத்தனை காலம் செய்தார் என்று குடும்ப டாக்டரின் கையெழுத்தோடு கடிதம் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலாமவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் செலவு. முதல் பொங்கலுக்கு மூன்று பேரும் முறை வைத்து ஊருக்குப் போனார்கள்; மூன்று பேரும் சொன்ன தேதியில் திரும்பி வந்தார்கள்.